இல்லத்தின் மடை

(தேவதானப்பட்டியில் கூடிய நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



மஞ்சளாற்றங்கரையில் கோயில் கொண்டெழுந்தருளியிருக்கும் மூங்கிலணைக் காமாட்சி அம்மையை வணங்கி, எனக்கு இட்ட பணியைத் தொடங்குகிறேன். கல்வியைப் பற்றியும், சிக்கனத்தைப் பற்றியும், விவாகச் செலவைக் குறைக்க வேண்டியதைப் பற்றியும் கற்றறிந்தோர் பலர் இந்த மேடையில் பேசக் கேட்டிருக்கிறீர்கள். நானோ முப்பத்தைந்து வருஷ காலம் மதுரையிலும் சென்னையிலும் குழாய் வேலையையே ஜீவனமாகக் கொண்டவன். ஆகையால் எனக்குத் தெரிந்த குழாயைப் பற்றியே பேசுகிறேன். பட்டணங்களிலுள்ள பழைய வீடுகளில் குழாய்கள் முதிர்ந்து உடைவதும், உடைந்த வேளையில் தண்ணீரை அடைக்க வகை தெரியாமல் குடும்பத்தார் தவிப்பதும் நம்மவரிடையே அடிக்கடி நேர்கின்றன. இது அற்ப விஷயமென்று எண்ணுவோர் சற்றுப் பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகிறேன்.

நாம் கண்மாய்ப் பாசனத்தில் வளர்ந்த ஜனங்கள். கண்மாய் என்றால் மடை உண்டு. மிஞ்சிய வெள்ளம் வழிந்தோடக் கலுங்கு உண்டு. மடையைத் திறக்கவும் அடைக்கவும் நீர்பாய்ச்சி உண்டு. நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் மடை இன்ன இடத்தில் இருக்கிறதென்று அவன் சொல்லுவான். நம் ஊருக்கு மேற்புறத்திலுள்ள மஞ்சளாறு அணையின் உயரம் 57 அடி. நீர்மட்டம் 51 அடியை எட்டினால் முதல் எச்சரிக்கை, 53 அடியில் இரண்டாவது, 55 அடியில் மூன்றாவது என்று கரையோரத்து ஜனங்களுக்கு அறிவிக்கிறார்கள். அணைக்கு இத்தனை முறை வகுத்திருக்க, நம் தலைக்குமேலே, மெத்தையின் மீது நிற்கும் தண்ணீர்த் தொட்டிக்கு நாம் என்ன முறை வகுத்திருக்கிறோம்? ஆயிரம் லிட்டர் கொள்ளும் தொட்டி நிறைந்தால் அதிலுள்ள ஜலத்தின் எடை ஒரு டன். அந்தச் சின்னக் கண்மாய்க்கும் மடை உண்டு, அதுதான் வால்வு. கலுங்கும் உண்டு; அதுதான் வழிவுக் குழாய். இல்லாதவன் நீர்பாய்ச்சி ஒருவனே.

1895-ஆம் வருஷம் முல்லைப் பெரியாற்று ஜலம் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக நம் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கியது. 1959-ஆம் வருஷம் திறக்கப்பட்ட வைகை அணை அந்த ஜலத்தையும் சேர்த்துத் தேக்கி, மதுரை நகருக்குக் குடிநீர் தருகிறது. நம் குடும்பங்களிலிருந்து படிப்புக்கும், வியாபாரத்துக்கும், உத்தியோகத்துக்குமாக மதுரை சென்றவர்கள் அநேகர். ஆகவே இங்கே நம் வயலில் பாயும் ஜலந்தான் அங்கே உங்கள் மகனுடைய வீட்டுக் குழாயிலும் வருகிறது. வயலுக்கு வரும்போது அதன் மடையை அறிந்த நாம், வீட்டுக்குள் வந்தபோது அறியாமற் போனோம். இதனால் விளைந்த ஒரு துன்பத்தை நானே கண்டதால் சொல்லுகிறேன்.

மதுரையில் மாசி வீதிக்குச் சமீபத்தில் என் அத்தை வீடு இருக்கிறது. மாமா கட்டிய மூன்றடுக்கு வீடு. கீழ்த்தளம் மரச்சட்டங்களின்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை இட்ட பழைய மெட்ராஸ் ஒட்டு. குழாய் யாவும் நாகம் பூசிய இரும்பு. மாமா இருந்த காலத்தில் எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்த வால்வை எத்தனை சுற்றுத் திருக வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். வேறு ஒருவருக்கும் அவர் சொன்னதில்லை, மற்றவர்களும் கேட்டதில்லை. அவர் காலமான பின்பு பிள்ளைகள் மூவரும் மனஸ்தாபமின்றிப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். மேல்மாடி மூத்தவனுக்கு; அவன் வேலை நிமித்தம் வெளியூரில் இருந்தபடியால், அதைக் குடித்தனத்துக்கு விட்டிருந்தான். மெத்தைக் கதவின் சாவி அந்தக் குடித்தனக்காரரிடம் இருந்தது.

ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு நடுமாடிச் சுவருக்குள் ஒரு முழங்கைக் குழாய் வெடித்தது. சத்தம் கேட்டுப் பெண்கள் விளக்கைப் போட்டுப் பார்த்தால் சுவரிலிருந்து ஜலம் பீறிட்டு அடிக்கிறது. மோட்டாரை நிறுத்த வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை; தொட்டி காலியாகக் காலியாக, தானியங்கி மோட்டார் மேலும் மேலும் நிரப்பிக் கொண்டிருந்தது. மெத்தைக்கு ஓடினால் கதவு பூட்டு. குடித்தனக்காரர் குடும்பத்தோடு பழனிக்குப் போயிருந்தார். பூட்டை உடைத்து மேலே ஏறியபோது அங்கே நான்கு வால்வுகள் இருந்தன. எது எதற்கென்று தெரியவில்லை. ஒன்றைப் பலங்கொண்டு திருகிய சின்ன மகனின் கையோடு அதன் சக்கரம் கழன்று வந்துவிட்டது. பொழுது விடியும்போது அழைத்தார்கள், போய் அடைத்தேன். அதற்குள் மூன்று மணி நேரம் ஜலம் சுண்ணாம்பு ஒட்டுக்குள் இறங்கிவிட்டது. வீட்டுப் பத்திரமும் பேரப்பிள்ளைகளின் படிப்புச் சான்றிதழ்களும் வைத்திருந்த பெட்டி நனைந்து ஊறியது. இரண்டாம் நாள் மத்தியானம் கீழறையின் காரை ஒரு கட்டில் அகலத்துக்குப் பெயர்ந்து, அத்தை வழக்கமாகப் படுக்கும் கட்டிலின்மேல் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும் பேத்தி ஒருத்தி, "அப்பத்தா, மேலே ஈரமாயிருக்கிறது, இங்கே படுக்க வேண்டாம்" என்று முதல்நாளே பிடிவாதம் செய்து அவரை வேறு அறைக்கு மாற்றியிருந்தாள். அந்தக் குழந்தையின் புத்தியே கிழவியின் உயிரைக் காத்தது.

நான் வெட்கப்படுவது எதற்கென்றால், அந்த வீட்டில் எத்தனையோ விருந்து உண்டவன் நான். குழாயே என் தொழில். ஆயினும், "அத்தை, உங்கள் வீட்டில் தண்ணீரை எங்கே அடைப்பது?" என்று ஒருநாளும் நான் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை இன்று உங்கள் எல்லோரிடமும் கேட்கவே இங்கு வந்தேன்.

குழாய் ஏன் முதிர்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். இரும்புக் குழாயின்மேல் பூசிய நாகம், தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கிறது. நாகம் தீர்ந்தபின் இரும்பு துருப்பிடிக்கிறது. ஆழ்துளைக் கிணற்றின் உப்புத்தண்ணீரானால் உட்புறத்தில் சுண்ணாம்புக் கல் படிகிறது. கழற்றி எடுத்த ஓர் அங்குலக் குழாயில் எழுதுகோல் நுழையும் அளவே துவாரம் மிஞ்சியிருக்கக் கண்டிருக்கிறேன். மரை வெட்டிய இடத்தில் குழாயின் கனம் குறைவு. ஆதலால் முதலில் ஓட்டையாவது மூட்டுகளே. பித்தளையையும் இரும்பையும் நேரே பொருத்திய இடத்தில் அரிப்பு இன்னும் விரைவு. இதற்கெல்லாம் முன்னறிவிப்பு உண்டு. காலையில் முதலில் திறந்தால் தண்ணீர் பழுப்பு நிறமாக வருவது, தொட்டி நிறைந்திருந்தும் குழாயில் மெலிந்து ஒழுகுவது, சுவரில் துருக்கறை படிவது, மழையில்லாத காலத்தில் சுண்ணாம்பு உதிர்வது ஆகிய இவையே குழாய் கொடுக்கும் எச்சரிக்கைகள். நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினாலும் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. அவ்வளவும் சுவருக்குள் போகிறதென்று நினைத்துப் பாருங்கள்.

இது வீட்டுச் சுவரோடு நிற்பதுமன்று. நம் நகரங்களில் குழாய்த் தண்ணீர் நாள் முழுதும் வருவதில்லை. தண்ணீர் நின்றபின் வெறுமையான குழாய் காற்றை உள்ளே இழுக்கிறது. அருகில் சாக்கடை இருந்து குழாயிலும் ஓட்டை இருந்தால் காற்றோடு கழிவும் உள்ளே போகிறது. மறுநாள் அதே குழாயில் வருவதைத்தான் குழந்தைகள் குடிக்கிறார்கள். காமாலையும் பேதியும் இவ்வழியாகவும் வருகின்றன. அமெரிக்காவிலே பிளிண்ட் என்னும் நகரத்தில் 2014-ஆம் வருஷம் செலவைக் குறைக்க வேண்டி வேறொரு ஆற்று ஜலத்தை, அரிப்பைத் தடுக்கும் மருந்து சேர்க்காமல், பழைய குழாய்களில் விட்டார்கள். குழாய்களிலிருந்த ஈயம் கரைந்து ஜலத்தில் கலந்து குழந்தைகளின் இரத்தத்தில் ஏறிற்று. செல்வம் மிகுந்த தேசத்திலும் பழைய குழாயை மறந்தால் பலன் இதுவே.

பெரியவர்கள் கட்டிய நீர்நிலையங்களில் அடைக்கும் வகையை எப்படி யோசித்து வைத்தார்கள் என்பதைப் பாருங்கள். கல்கத்தாவில் 1911-ஆம் வருஷம் தொழிற்படத் தொடங்கிய டாலா நீர்த்தொட்டி, ஏறக்குறைய 110 அடி உயரத்தில் இரும்புக் கால்களின்மேல் நிற்கிறது. 90 லட்சம் காலன் கொள்ளுகிறது. அதை ஒரே தொட்டியாகக் கட்டாமல் நான்கு அறைகளாகப் பிரித்தார்கள். ஓர் அறையை அடைத்துப் பழுது பார்க்கும்போது மற்ற அறைகளிலிருந்து நகரத்துக்கு ஜலம் போய்க்கொண்டேயிருக்கும். சென்னையில் 1872-ஆம் வருஷம் செங்குன்றம் ஏரியின் ஜலம் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. 1914-ஆம் வருஷம் அங்கே மணல் வடிகட்டிகளோடு கூடிய நீர்நிலையம் ஏற்பட்டது. அந்நகரில் நூறாண்டு கடந்த வார்ப்பிரும்புக் குழாய்களைத் தோண்டி எடுத்து மாற்றும் வேலை நம் காலத்தில் நடக்கிறது. வீதிக் குழாயை மாற்றச் சர்க்கார் இருக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் குழாயை மாற்ற யார் இருக்கிறார்கள்? நாம்தான்.

இனிச் செய்யவேண்டியவற்றைச் சொல்லுகிறேன். தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும்; ஏனெனில் குழாய் உடையும்போது பெரும்பாலும் வீட்டிலிருப்பவர்கள் நீங்களே.

முதலாவது, மோட்டாரை நிறுத்துங்கள். இரண்டாவது, மெத்தைத் தொட்டியின் அடியில் அந்தக் குழாய்க்குரிய வால்வை அடையுங்கள். சக்கரம் உள்ளதானால் வலப்பக்கமாகத் திருகினால் அடைபடும். கைப்பிடி உள்ளதானால், பிடி குழாய்க்குக் குறுக்கே நின்றால் அடைப்பு, குழாயோடு ஒத்து நின்றால் திறப்பு. வீதிக் குழாயிலிருந்து நேரே வரும் தண்ணீரானால், வாசலுக்கு அருகேயுள்ள குழியில் இருக்கும் வால்வை அடைக்க வேண்டும். மூன்றாவது, வீட்டிலேயே மிகவும் தாழ்ந்த இடத்திலுள்ள குழாயைத் திறந்துவிடுங்கள். மிஞ்சிய ஜலம் உடைப்பில் வராமல் அவ்வழியே போய்விடும். நான்காவது, மின்சாரப் பலகையிலோ விசிறியிலோ தண்ணீர் இறங்கியிருந்தால் அதன் பக்கம் போகாதீர்கள். பிரதான ஸ்விட்சு உலர்ந்த இடத்தில் இருந்தால் மட்டும், உலர்ந்த கையோடு, உலர்ந்த தரையில் நின்று அதை நிறுத்துங்கள். இல்லையேல் எல்லோரும் வெளியே வந்து மின்சார ஊழியரை அழையுங்கள். ஐந்தாவது, மேலே ஈரமான ஒட்டின்கீழ் ஒருவரையும் படுக்கவிடாதீர்கள்.

வால்வு இறுகி அடைபடாவிட்டால் பெரிய ஸ்பானரைப் போட்டுப் போராட வேண்டாம். தண்டு முறிந்தால் பின்பு யாராலும் அடைக்க முடியாது. தொட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே ஜலம் வெளியேறும் வாயில் துணி சுற்றிய மரக்கட்டையைச் செருகினால் போதும், ஓட்டம் நின்றுவிடும். கழுவுகுழாய் இருந்தால் அதைத் திறந்து தொட்டியை மெத்தையிலேயே வடித்துவிடலாம். ஊசித்துவாரம் போன்ற சிறு ஓட்டையானால், பழைய சைக்கிள் டியூபைக் கீறி இறுகச் சுற்றிக் கட்டுக்கம்பியால் முறுக்கினால், வேலைக்காரர் வரும்வரை தாங்கும். உடைப்பு நின்று பழுது பார்த்தபின் வால்வை மெல்லத் திறக்க வேண்டும். சடுதியில் திறந்தாலும் மூடினாலும் ஓடும் ஜலம் சம்மட்டிபோல் மோதி, பழைய மூட்டு வேறோரிடத்தில் விடும்.

ஆபத்து வராத காலத்தில் செய்ய வேண்டியது இன்னும் முக்கியம். வருஷத்துக்கு இரண்டு முறை, ஆடிப்பெருக்கு அன்றும் தைப்பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போதும், ஒவ்வொரு வால்வையும் முழுதும் மூடித் திறந்து பாருங்கள். முழுதும் திறந்தபின் கால் சுற்றுத் திருப்பி வையுங்கள், இறுகிப் போகாது. நீரைப் போற்றும் பண்டிகையன்று நீரின் மடையைத் தொட்டுப் பார்ப்பது பொருத்தமன்றோ? முதிர்ந்த சக்கர வால்வுக்குப் பதிலாகக் கால் சுற்றில் அடைபடும் பித்தளை வால்வு போடுங்கள். ஒவ்வொன்றிலும் "சமையலறை", "கீழ்க்குளியலறை" என்று வர்ணத்தால் எழுதுங்கள். குழாய்கள் போகும் வழியை ஒரு காகிதத்தில் வரைந்து, சமையலறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டுங்கள். உடைந்த இடத்தை மட்டும் ஒட்டி ஒட்டிக் காலந்தள்ளாதீர்கள். ஒரே வயதுடைய குழாயில் ஓரிடம் போனால் மற்ற இடங்களும் போகும் தறுவாயில் இருக்கின்றன. வசதிப்பட்டபோது நிற்குங் குழாய் முழுவதையும் மாற்றிவிடுவதே சிக்கனம்.

பாகப்பிரிவினையைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பத்திரங்களில் சுவர் யாருக்கு, நடை யாருக்கு, கிணற்றில் யாருக்கு எத்தனை பாத்தியம் என்றெல்லாம் எழுதுகிறோம். தொட்டி யாருடையது, வால்வை யார் பராமரிப்பது, மெத்தைச் சாவி யாரிடம் இருப்பது என்று எழுதுவதில்லை. அண்ணன் தம்பிகள் சேர்ந்திருந்தபோது எல்லோருடையதாக இருந்த மடை, பிரிந்தபின் ஒருவருடையதுமில்லை என்றாகிவிடுகிறது. இனிப் பத்திரம் எழுதுவோர் இவற்றையும் ஒரு ஷரத்தாகச் சேர்க்க வேண்டும். வீட்டைக் குடித்தனத்துக்கு விடுவோர் மெத்தைக்கு இன்னொரு சாவியைக் கீழ்வீட்டில் வைக்க வேண்டும்.

கடைசியாக வாலிபர்களுக்குச் சொல்லுகிறேன். நான் இத்தொழிலில் இறங்கியபோது, "குழாய்க்காரனுக்குப் பெண் கொடுப்பார் யார்?" என்று நம்மவரே கேட்டார்கள். கொடுத்தார்கள், என் பிள்ளைகளும் படித்தார்கள். அது ஒருபுறமிருக்க, வால்வைத் தொட்டால் கௌரவம் குறையுமென்று எண்ணிய வீடுகளில்தான் நள்ளிரவில் பிறர் வாசலைத் தட்டும்படி நேர்வதைக் கண்டேன். கண்மாய் மடையில் இறங்கிச் சேற்றில் நின்ற பாட்டன்மார் வழியில் வந்த நமக்கு இதில் என்ன குறைவு? அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் குழாய் வேலையை ஒரே வருஷத்தில் கற்பிக்கிறார்கள். விருப்பமுள்ளோர் அதைக் கற்று யோக்கியமாகப் பிழைக்கலாம். கல்லாதவரும் தம் வீட்டு வால்வையாவது அடைக்கக் கற்கலாம்.

நமது சங்கத்தின் மாணவர் விடுதியும் பழைய கட்டடமே. அதன் வால்வுகளை வருகிற விடுமுறைக்குள் நானே பார்த்துப் பெயர் எழுதிக் கொடுக்கிறேன், கூலி வேண்டாம். அங்கே தங்கும் மாணவர் ஒவ்வொருவரும் அவற்றை ஒருமுறை தம் கையால் மூடித் திறந்து காட்ட வேண்டுமென்று காரியதரிசி அவர்கள் விதி செய்ய வேண்டுகிறேன். நீங்களோ இன்று வீடு திரும்பியதும், பட்டணத்திலுள்ள பிள்ளைகளிடம் தொலைபேசியில் க்ஷேமம் விசாரிக்கும்போது, "அங்கே தண்ணீரை எங்கே அடைப்பது?" என்று கேளுங்கள். பதில் உடனே வந்தால் சந்தோஷம். வராவிட்டால், அன்றைய தினமே போய்ப் பார்த்துச் சொல்லும்படி கட்டளையிடுங்கள். என் அத்தையின் பேத்திக்கு இப்போது அந்த வீட்டின் நான்கு வால்வுகளும் தெரியும். அவள் தன் தம்பிக்கும் கற்றுக் கொடுத்திருக்கிறாள்.